விம் எடிட்டரில் புதிய உள்ளமைந்த ஃபங்ஷன் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

விம் எடிட்டரின் சொந்த ஸ்கிரிப்ட் மொழியான விம்ஸ்கிரிப்ட்டில் ஒரு ஃபங்ஷன் எழுதுவது வேறு, விம்மின் சி மூலநிரலுக்குள் போய் மொழிக்கே ஒரு ஃபங்ஷனைச் சேர்ப்பது வேறு. இங்கே பார்க்கப்போவது இரண்டாவதை. சி தெரிந்தவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். சி நிரல் இருபது வரிதான். வேலை முழுவதும் அதைச் சுற்றியிருக்கிற, உள்ளமைந்த ஃபங்ஷன்களைப் பதிவுசெய்யும் அட்டவணையிலும், டெஸ்டிலும், உதவிக் கோப்புகளிலும் இருக்கிறது. அவற்றை எந்த வரிசையில் தொடுகிறோம் என்பதுதான் ஒரு மாலையில் முடிகிற வேலையா, ஒரு வாரம் இழுக்கிற வேலையா என்பதைத் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக ஸ்டார்ட்ஸ்வித் என்ற ஃபங்ஷனைச் சேர்ப்போம். முதல் ஆர்க்யூமென்ட் ஒரு ஸ்ட்ரிங், இரண்டாவது ஒரு முன்னொட்டு. முதலாவது இரண்டாவதில் தொடங்கினால் 1, இல்லையென்றால் 0. விருப்பமாக மூன்றாவது ஆர்க்யூமென்ட் ஒன்று: அது உண்மை என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கக் கூடாது.

கோப்பு, ஃபங்ஷன், மேக்ரோ பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். மூலநிரலில் தேடும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். விம்மிலிருந்து பிரிந்த எடிட்டரான நியோவிம்முக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அங்கே இந்த அட்டவணை லுவா கோப்பில் இருக்கிறது, படிகளும் வேறு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிட், சி கம்பைலர், மேக், என்கர்சஸ் நூலகத்தின் டெவலப்மென்ட் பொதி. இந்த நான்கும் இருந்தால் லினக்ஸில் விம் கம்பைல் ஆகிவிடும். என்கர்சஸ் நூலகம் மட்டும் இருந்து அதன் டெவலப்மென்ட் பொதி இல்லாவிட்டால் கான்ஃபிகர் படியிலேயே டெர்மினல் நூலகம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

களஞ்சியத்தை கிட் மூலம் குளோன் செய்யுங்கள். சுருக்கக் கோப்பாக இறக்கினால் பின்னர் பேட்ச் (உங்கள் மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பு) எடுக்க முடியாது. உங்கள் வேலைக்குத் தனிக் கிளை ஒன்றும் திறந்துகொள்ளுங்கள்.

சி மொழியில் பாயின்டரும் நினைவக ஒதுக்கீடும் பழகியிருக்க வேண்டும். விம்9 ஸ்கிரிப்ட் (விம்ஸ்கிரிப்ட்டின் புதிய வடிவம்) எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பழைய விம்ஸ்கிரிப்ட், விம்9 என்று இரண்டு மொழிகள் ஒரே ஃபங்ஷனை அழைக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். பிழைகளில் பாதி அந்த மறதியில் பிறக்கிறது.

2. முதலில் நடத்தையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

எடிட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் விடை எழுத வேண்டிய கேள்விகள் சில உண்டு. முன்னொட்டு வெற்று ஸ்ட்ரிங்காக இருந்தால் என்ன வர வேண்டும்? எண் கொடுத்தால்? பட்டியல் கொடுத்தால்? இவற்றை முடிவு செய்யாமல் சி எழுதினால், நிரல் தற்செயலாக என்ன செய்கிறதோ அதுவே விதியாகிவிடும். வெளியான பிறகு அதை மாற்ற முடியாது. யாரோ ஒருவருடைய ஸ்கிரிப்ட் அதை நம்பத் தொடங்கியிருக்கும்.

நம் எடுத்துக்காட்டுக்கு விடைகள் இவை. வெற்று முன்னொட்டுக்கு எப்போதும் 1. பழைய ஸ்கிரிப்ட்டில் எண் வந்தால் விம் வழக்கப்படி ஸ்ட்ரிங்காக மாறட்டும், விம்9-இல் பிழை வரட்டும். பட்டியல் வந்தால் இரண்டிலும் பிழை.

தமிழ் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய கேள்வி இன்னொன்று: 'கி' என்பது 'க' என்பதில் தொடங்குகிறதா? யுனிகோடில் 'கி' இரண்டு குறிமுறைப் புள்ளிகள், யூடிஎஃப்-8-இல் 6 பைட். முதல் 3 பைட் 'க'. பைட் பைட்டாக ஒப்பிட்டால் விடை 1. விம் திரையில் காட்டும்போதோ உயிர்க்குறியை முந்தைய எழுத்தோடு சேர்த்து ஒரே எழுத்தாகவே நடத்துகிறது. இரண்டு விடைகளுக்கும் நியாயம் உண்டு. ஸ்ட்ரிட்எக்ஸ் போன்ற இப்போதுள்ள ஃபங்ஷன்கள் பைட்டையே பார்ப்பதால், நாமும் பைட் என்று வைத்துக்கொள்வோம். எதைத் தேர்ந்தாலும் உதவிக் கோப்பில் எழுதியாக வேண்டும்.

இந்த ஃபங்ஷன் உண்மையில் தேவையா என்றும் கேளுங்கள். ஸ்கிரிப்ட்டில் ஒரே வரியில் முடிகிற வேலைக்கு உள்ளமைந்த ஃபங்ஷன் கேட்டால் பெரும்பாலும் மறுப்புதான் வரும். ஸ்டார்ட்ஸ்வித்தும் அந்த எல்லையில்தான் நிற்கிறது. ஆனால் ஸ்கிரிப்ட்டில் பலர் எழுதும் வடிவத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. முன்னொட்டின் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்து, அதுவரை ஸ்ட்ரிங்கை வெட்டி ஒப்பிடுவார்கள். முன்னொட்டு வெற்றாக இருந்தால் அந்த எண் -1 ஆகும். -1 வரை வெட்டினால் முழு ஸ்ட்ரிங்கும் வரும், விடை தலைகீழாகிவிடும். 'ஸ்கிரிப்ட்டில் எழுதும்போது இந்த இடத்தில் தவறுகிறார்கள்' என்று காட்ட முடிந்தால் உங்கள் வாதம் நிற்கும். 'வசதியாக இருக்கும்' என்பது மட்டும் போதாது.

3. எதையும் மாற்றாமல் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள்

மூலநிரலின் எஸ்ஆர்சி கோப்பகத்தில் கான்ஃபிகர் ஓட்டுங்கள். ஃபீச்சர் அளவாக ஹியூஜ் என்பதைக் கொடுங்கள். மிகக் குறைந்த வசதிகளுள்ள டைனி அளவில், ஸ்கிரிப்ட்டை ஓட்டும் எவால் வசதியே கிடையாது, ஆகவே ஸ்கிரிப்ட் ஃபங்ஷன்களும் இருக்காது. பிறகு மேக்.

மாற்றுவதற்கு முன்பே ஏன்? நாளை ஒரு டெஸ்ட் தோற்றால் அது உங்களால் தோற்றதா, உங்கள் கணினியில் முதலிலிருந்தே தோற்கிறதா என்பது தெரிய வேண்டும். ஆகவே டெஸ்டுகளையும் ஒருமுறை ஓட்டி, தோற்றவை இருந்தால் குறித்து வையுங்கள்.

இங்கே புதியவர்கள் செய்யும் முதல் தவறு, கம்பைல் செய்துவிட்டு டெர்மினலில் விம் என்று தட்டுவது. திறப்பது கணினியில் ஏற்கனவே நிறுவப்பட்ட விம். மாற்றங்கள் எதுவும் அதில் இருக்காது. எஸ்ஆர்சி கோப்பகத்தில் உருவான விம்மையே புள்ளியும் சாய்கோடும் போட்டு அழையுங்கள். விம்ரன்டைம் என்ற சூழல் மாறியை மூலநிரலின் ரன்டைம் கோப்பகத்துக்குத் திருப்புங்கள். கிளீன் என்ற தேர்வையும் சேருங்கள், இல்லாவிட்டால் உங்கள் சொந்த அமைப்புகளும் செருகுநிரல்களும் குறுக்கிடும்.

4. டெஸ்டை முதலில் எழுதுங்கள்

டெஸ்ட்டிர் கோப்பகத்தில் டெஸ்ட்_ஃபங்ஷன்ஸ்.விம் என்ற கோப்பைத் திறந்து, டெஸ்ட்_ஸ்டார்ட்ஸ்வித் என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் ஃபங்ஷன் சேருங்கள். பெயர் டெஸ்ட் என்றும் அடிக்கோடு என்றும் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் டெஸ்ட் ஓட்டி அதைக் கண்டுகொள்ளாது. தோல்வியும் காட்டாது, ஓடவே ஓடாது.

2-ஆம் படியில் எழுதிய ஒவ்வொரு முடிவும் இங்கே ஒரு வரி ஆகும். 'வணக்கம்' என்பதில் 'வண' கேட்டால் 1. வெற்று முன்னொட்டுக்கு 1. இரண்டும் வெற்று என்றாலும் 1. வெற்று ஸ்ட்ரிங்கில் ஏதோ ஒரு எழுத்தைக் கேட்டால் 0. முன்னொட்டு ஸ்ட்ரிங்கைவிட நீளமாக இருந்தால் 0. எழுத்தளவு (பெரிய எழுத்து, சிறிய எழுத்து) மட்டும் மாறும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு மூன்றாவது ஆர்க்யூமென்ட் இல்லாமல் 0, அதோடு 1.

இன்னும் நான்கு வரிகளை எப்போதும் சேருங்கள். முதலாவது, 123 என்ற எண்ணில் 45 என்ற எண்ணைக் கேட்பது. விடை 0 வர வேண்டும். கேலிபோலத் தோன்றும், 6-ஆம் படியில் இதன் அருமை தெரியும். இரண்டாவது, டெஸ்ட்_நல்_ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன் தரும் வெற்றுப் பாயின்டர் (சி மொழியின் நல்) ஸ்ட்ரிங்கைக் கொடுப்பது. மூன்றாவது, பட்டியலைக் கொடுத்துப் பிழை எண் 730 வருகிறதா என்று பார்ப்பது. நான்காவது, ஒரே ஆர்க்யூமென்ட் கொடுத்தால் 119-உம், நான்கு கொடுத்தால் 118-உம் வருகின்றனவா என்பது.

அசர்ட்_ஈக்வல் ஃபங்ஷனில் எதிர்பார்க்கும் மதிப்பு முதலில், கிடைத்த மதிப்பு அடுத்து. மாற்றிப் போட்டாலும் டெஸ்ட் வெற்றி பெறும். தோற்கும்போது செய்தி தலைகீழாக வந்து குழப்பும்.

இப்போது இந்த ஒரு கோப்பை மட்டும் ஓட்டுங்கள். மேக் கட்டளையோடு கோப்பின் பெயரை விம் என்ற பின்னொட்டு இல்லாமல் கொடுத்தால் போதும். டெஸ்ட்_ஃபில்டர் என்ற சூழல் மாறியில் பெயரைக் கொடுத்தால் அந்த ஒரு ஃபங்ஷன் மட்டும் ஓடும். 'அறியாத ஃபங்ஷன்' என்ற பிழை எண் 117-உடன் அது தோற்க வேண்டும். அப்படித் தோற்றால் டெஸ்ட் உண்மையிலேயே ஓடுகிறது என்று பொருள். வேறு விதமாகத் தோற்றால் டெஸ்டிலேயே எழுத்துப்பிழை இருக்கிறது. தோல்வி விவரம் அதே கோப்பகத்தில் டெஸ்ட்.லாக் என்ற கோப்பில் இருக்கும்.

5. சி ஃபங்ஷனை எங்கே வைப்பது

எவால்ஃபங்க்.சி என்ற கோப்பில் அட்டவணை இருப்பதால் பலர் நிரலையும் அங்கேயே கொட்டிவிடுகிறார்கள். தேவையில்லை, அந்தக் கோப்பு ஏற்கனவே பருத்துப்போய் இருக்கிறது. ஸ்ட்ரிங் சார்ந்த ஃபங்ஷன்கள் ஸ்ட்ரிங்ஸ்.சி கோப்பில் இருக்கின்றன. ஸ்ட்ரிட்எக்ஸின் செயலாக்கமும் அங்கேதான். அதற்குப் பக்கத்திலேயே நம்முடையதையும் வைப்போம்.

சி பக்கத்தில் பெயர் எஃப் என்ற எழுத்து, அடிக்கோடு, பிறகு ஃபங்ஷனின் பெயர் என்று அமையும். திரும்பும் வகை வாய்ட். இரண்டு பாராமீட்டர்கள்: ஆர்க்யூமென்ட்களின் வரிசையான ஆர்க்வார்ஸ், விடையை வைக்க வேண்டிய இடமான ரெட்டிவி. விம் மூலநிரலில் திரும்பும் வகை தனி வரியில் உள்தள்ளி வரும், ஃபங்ஷன் பெயர் அடுத்த வரியில் முதல் நெடுவரிசையில் தொடங்கும். இந்த வடிவத்தை மாற்றாதீர்கள். பெயரை வரியின் தொடக்கத்தில் வைத்துத் தேடுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம்.

ஃபங்ஷன் வேறொரு கோப்பில் இருப்பதால், அதன் அறிவிப்பை புரோட்டோ கோப்பகத்தில் உள்ள ஸ்ட்ரிங்ஸ்.புரோ கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் எவால்ஃபங்க்.சி கம்பைல் ஆகும்போது அந்தப் பெயர் அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் சொல்லும். ஸ்டாட்டிக் என்று அறிவித்துவிட்டாலும் சிக்கல். புரோ கோப்பில் உள்ள அறிவிப்போடு முரண்படும். எவால்ஃபங்க்.சி உள்ளேயே எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் ஸ்டாட்டிக் பொருந்தும்.

இடத்தைத் தேர்வதில் இன்னொரு பொறி உண்டு. ஸ்கிரிப்ட் ஃபங்ஷன்கள் எல்லாம் எவால் வசதி இருந்தால் மட்டும் கம்பைல் ஆகும்படி நிபந்தனை வரிகளுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. கோப்பின் கடைசி வரிக்குப் போய் அங்கே ஒட்டினால், அந்த நிபந்தனை முடிந்த பிறகு உங்கள் நிரல் நிற்கக்கூடும். உங்கள் கணினியில் எல்லாம் ஓடும். டைனி அளவில் கம்பைல் செய்கிறவருக்கு உடையும்.

6. ஃபங்ஷனின் உடல்

ஐந்து காரியங்கள், இந்த வரிசையில்.

முதலில் விம்9-க்கான வகைச் சரிபார்ப்பு. 'இப்போது ஓடுவது விம்9 ஸ்கிரிப்ட்டா' என்று கேட்டு, ஆம் என்றால் 0-வது, 1-வது ஆர்க்யூமென்ட்கள் ஸ்ட்ரிங்தானா என்றும், 2-வது இருந்தால் பூலியன்தானா என்றும் பாருங்கள். செக்_ஃபார்_ஸ்ட்ரிங்_ஆர்க், செக்_ஃபார்_ஆப்ட்_பூல்_ஆர்க் என்று இதற்கான துணை ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஏதாவது தோற்றால் உடனே திரும்பிவிடுங்கள். பிழைச் செய்தியை அவையே கொடுத்திருக்கும், நீங்கள் இன்னொன்று கொடுக்க வேண்டாம். இந்தச் சரிபார்ப்பை விம்9 நிபந்தனை இல்லாமல் போட்டால் பழைய ஸ்கிரிப்ட்டில் எண் கொடுப்பவர்களுக்கும் பிழை வரும்.

இரண்டாவது, ஸ்ட்ரிங்குகளை எடுப்பது. அனுபவம் உள்ளவர்களும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். டிவி_கெட்_ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன், கொடுத்தது எண்ணாக இருந்தால் அதை எழுத்தாக மாற்றி உள்ளே ஒரே ஒரு நிலையான பஃபரில் வைத்து, அந்தப் பஃபரின் பாயின்டரைத் தருகிறது. இரண்டு ஆர்க்யூமென்ட்களுக்கும் அதையே அழைத்தால், இரண்டும் எண்ணாக இருக்கும்போது இரண்டாவது மதிப்பு முதலாவதன் மேல் எழுதப்படும். 123, 45 என்று கொடுத்தால் இரு பாயின்டர்களும் '45' என்பதையே காட்டும். '45' என்பது '45'-இல் தொடங்குகிறது, விடை 1. எந்தச் செய்தியும் இல்லாமல் தவறான விடை. ஸ்ட்ரிங் மட்டுமே கொடுத்துச் சோதிக்கிறவருக்கு இது கண்ணில் படவே படாது. 4-ஆம் படியில் அந்த எண் டெஸ்ட் வைத்தது இதற்காகத்தான்.

தீர்வு: ஒன்றுக்குச் சாதாரண வடிவம், மற்றொன்றுக்குப் பஃபரை நாமே கொடுக்கும் வடிவம். அந்தப் பஃபரின் அளவு நம்பஃப்லென் என்ற மாறிலி. 64 பிட் எண்ணை இரும முறையில் எழுதவும் முடிவுக் குறிக்கும் சேர்த்து அது 65. இரண்டுக்கும் சிஎச்கே என்று முடியும் வடிவத்தையே அழையுங்கள். பட்டியலோ அகராதியோ வந்தால் அந்த வடிவம் பிழையைக் காட்டிவிட்டு வெற்றுப் பாயின்டர் தரும், நாம் நிறுத்திக்கொள்ளலாம். சிஎச்கே இல்லாத வடிவம் பிழையைக் காட்டிய பிறகும் வெற்று ஸ்ட்ரிங்கைக் கொடுத்து நிரலைத் தொடரவிடும்.

ஆர்க்வார்ஸின் உள்ளே கைவிட்டு ஸ்ட்ரிங் பாயின்டரை நேரடியாக எடுக்க வேண்டாம். விம்மில் வெற்று ஸ்ட்ரிங் பல நேரம் வெற்றுப் பாயின்டராகவே இருக்கும். அதன் நீளத்தை அளக்கப் போனால் எடிட்டர் விழுந்துவிடும்.

மூன்றாவது, விருப்ப ஆர்க்யூமென்ட். அழைத்தவர் எத்தனை ஆர்க்யூமென்ட் கொடுத்தார் என்ற எண்ணிக்கை ஃபங்ஷனுக்கு வராது. கடைசி ஆர்க்யூமென்ட்டுக்கு அடுத்த இடத்தில் வார்_அன்னோன் என்ற வகை இருக்கும், அதுதான் எல்லைக்கல். 2-வது இடத்தின் வகை அது இல்லையென்றால் மட்டும் மதிப்பை எடுங்கள். இரண்டு விருப்ப ஆர்க்யூமென்ட்கள் உள்ள ஃபங்ஷனில் முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதைப் பார்க்கக் கூடாது. எல்லைக்கல்லைத் தாண்டிய இடத்தில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நான்காவது, ஒப்பீடு. முன்னொட்டின் பைட் நீளத்தை எடுத்து, அத்தனை பைட்டுக்கு எஸ்டிஆர்என்சிஎம்பி மேக்ரோவால் ஒப்பிடுங்கள். அது ஸ்ட்ரிங் முடியும் இடத்தில் நின்றுவிடும் என்பதால் முன்னொட்டு நீளமாக இருந்தாலும் ஆபத்தில்லை. வேகம் என்று நினைத்து நினைவகத்தை நேரடியாக ஒப்பிடும் மெம்சிஎம்பி பக்கம் போனால் ஸ்ட்ரிங்கின் எல்லையைத் தாண்டிப் படிக்கும்.

எழுத்தளவு பார்க்காத ஒப்பீட்டுக்குப் பல பைட் எழுத்துகளை அறிந்த எம்பி_எஸ்டிஆர்என்ஐசிஎம்பி மேக்ரோ இருக்கிறது. எஸ்டிஆர்என்ஐசிஎம்பி மட்டும் போதும் என்று விட்டால் ஆங்கிலம் தாண்டிய கிரேக்கம், சிரிலிக் எழுத்துகளில் தவறும். சரியான மேக்ரோவிலும் ஒரு ஓரப் பிழை மிஞ்சுகிறது. எழுத்தளவு மாறும்போது சில எழுத்துகளின் பைட் எண்ணிக்கையும் மாறும். கெல்வின் குறி யூடிஎஃப்-8-இல் 3 பைட், அதன் சிறிய எழுத்து வடிவமான ஆங்கில 'கே' 1 பைட். முன்னொட்டின் நீளத்தை வைத்து ஒப்பிடும் முறை அங்கே 0 என்று சொல்லிவிடும். அதையும் சரிசெய்ய வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் எழுத்து எழுத்தாக நகர்ந்து ஒப்பிட வேண்டும். முதல் பதிப்புக்கு வேண்டாம். ஆனால் மதிப்பாய்வில் யாராவது கேட்பார்கள், விடை தெரிந்திருக்கட்டும்.

ஐந்தாவது, விடையை வைப்பது. அழைக்கும் பக்கம் ரெட்டிவியை எண் வகையாகவும் மதிப்பு 0 ஆகவும் முன்பே அமைத்துத் தருகிறது. நம் விடை எண்தான் என்பதால் மதிப்பை மட்டும் வைத்தால் போதும். நடுவில் பிழையால் திரும்பினாலும் 0 இருக்கும்.

ஸ்ட்ரிங் திருப்பும் ஃபங்ஷன் எழுதுகிறவர்களுக்கு இது நேர்மாறு. வகையை ஸ்ட்ரிங் என்று மாற்ற மறந்தால், மதிப்பை வைத்தும் விம் அதை எண்ணாகவே படிக்கும், ஏதோ ஒரு பெரிய எண் திரையில் வரும். ஆகவே வகையையும் வெற்றுப் பாயின்டரையும் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். மேலும் ரெட்டிவியில் வைக்கும் ஸ்ட்ரிங் புதிதாக ஒதுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஆர்க்யூமென்ட்டின் பாயின்டரையே தூக்கி வைத்தால், ஆர்க்யூமென்ட்டை விடுவிக்கும்போது ஒருமுறையும் விடையை விடுவிக்கும்போது இன்னொருமுறையும் அதே நினைவகம் விடுவிக்கப்படும். விம்_எஸ்டிஆர்சேவ் கொண்டு நகலெடுத்து வையுங்கள். பட்டியல் திருப்பினால் ரெட்டிவி_லிஸ்ட்_அலாக் ஒதுக்கீட்டையும் குறிப்பு எண்ணிக்கையையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும், கையால் செய்ய வேண்டாம்.

7. அட்டவணையில் ஒரு வரி

எவால்ஃபங்க்.சி கோப்பில் குளோபல்_ஃபங்ஷன்ஸ் என்ற அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பதிவு, பதிவில் ஏழு புலங்கள்: பெயர், குறைந்தபட்ச ஆர்க்யூமென்ட் எண்ணிக்கை, அதிகபட்ச எண்ணிக்கை, மெத்தட் வகை, ஆர்க்யூமென்ட் வகைப் பட்டியல், திரும்பும் வகை, சி ஃபங்ஷன்.

நமக்குக் குறைந்தபட்சம் 2, அதிகபட்சம் 3. எண்ணிக்கையை விம்மே சரிபார்த்து 118, 119 பிழைகளைக் காட்டும், சி நிரலில் மறுபடி பார்க்க வேண்டாம். இங்கே 2 என்பதற்குப் பதில் 1 போட்டால், நிரல் எல்லைக்கல்லையே ஸ்ட்ரிங்காக எடுக்கப் பார்க்கும்.

மெத்தட் வகை எஃப்இஆர்க்_1. அம்புக்குறி போட்டு அழைக்கும்போது அம்புக்கு இடப்பக்கம் இருப்பது முதல் ஆர்க்யூமென்ட்டாகப் போகும் என்று பொருள். 0 போட்டால் அந்த வடிவில் அழைக்கவே முடியாது.

ஆர்க்யூமென்ட் வகைப் பட்டியல் கம்பைல் செய்யப்படும் விம்9 ஃபங்ஷன்களுக்கானது. ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங், பூலியன் என்ற வரிசை ஏற்கனவே இருக்கிறது. மேப்செக் ஃபங்ஷனின் பதிவைப் பாருங்கள், ஆர்க்3_ஸ்ட்ரிங்_ஸ்ட்ரிங்_பூல் என்று அதில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்று உருவாக்கும் முன் எப்போதும் தேடுங்கள். பெரும்பாலான சேர்க்கைகள் ஏற்கனவே உண்டு.

திரும்பும் வகை ரெட்_நம்பர்_பூல். மதிப்பு எண்தான், ஆனால் 0 அல்லது 1 மட்டுமே என்று சொல்லும் வகை இது. வெறும் ரெட்_நம்பர் போட்டால், விம்9-இல் விடையைப் பூலியன் மாறியில் வைக்கும்போது வகை முரண்பாடு வரும்.

பதிவு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதுதான் இந்தப் படியின் உயிர். விம் இந்த அட்டவணையில் இருமத் தேடல் செய்கிறது. ஆகவே பெயர்கள் ஆஸ்கி வரிசையில் இருந்தே ஆக வேண்டும். ஆங்கில அகராதி வரிசையும் இதுவும் ஒன்றல்ல. இலக்கங்கள் 48-இலிருந்து, அடிக்கோடு 95, சிறிய எழுத்துகள் 97-இலிருந்து தொடங்குகின்றன. அதனால்தான் சிஎச்_ஸ்டேட்டஸ் என்பது சேஞ்ச்என்ஆர் என்பதற்கு முன்னால் வருகிறது. நம் ஸ்டார்ட்ஸ்வித் எஸ்ராண்ட் என்பதற்கு அடுத்து, ஸ்டேட் என்பதற்கு முன்னால் வரும். ஸ்டேட்டும் அதுவும் முதல் மூன்று எழுத்தில் ஒன்று, நான்காவதில் 'ஆர்' வந்து 'டி'யை முந்துகிறது.

இடம் தவறினால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. உங்கள் ஃபங்ஷன் இல்லை என்று 117 வரலாம். அதைவிட மோசம், தேடல் உங்கள் பதிவில் மோதித் தவறான பக்கம் திரும்பினால், நீங்கள் தொடவே தொடாத வேறொரு ஃபங்ஷன் காணாமல் போகும்.

8. கம்பைல், கையால் ஒரு பார்வை, பிறகு டெஸ்ட்

எஸ்ஆர்சி கோப்பகத்தில் மேக். எச்சரிக்கை ஒன்றுகூட இருக்கக் கூடாது. புதிதாக வந்த விம்மைத் திறந்து, எக்ஸிஸ்ட்ஸ் ஃபங்ஷனில் நட்சத்திரக் குறியோடு ஸ்டார்ட்ஸ்வித் என்று கேளுங்கள். 1 வந்தால் அட்டவணை சரி. செருகுநிரல் எழுதுகிறவர்களும் பின்னர் இதே வழியில்தான் உங்கள் ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பயனரின் ஃபங்ஷன்களோடு பெயர் மோதுமோ என்று கவலை வேண்டாம். அவை பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற விதி இதற்காகவே இருக்கிறது.

பிறகு 4-ஆம் படியின் டெஸ்டை ஓட்டுங்கள். டெஸ்ட்டிர் கோப்பகத்துக்குள் நின்றபடி ஓட்டினால் விம் மறுபடி கம்பைல் ஆகாது, பழைய பைனரியே ஓடும். நிரலைத் திருத்தியும் டெஸ்ட் அதே இடத்தில் தோற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

9. விம்9 டெஸ்ட்

டெஸ்ட்_விம்9_பில்ட்டின்.விம் என்ற கோப்பு தனி. அங்கே டெஸ்டுகள் ஃபங்ஷன் பெயரின் அகரவரிசையில் இருக்கின்றன, உரிய இடத்தில் செருகுங்கள்.

தவறான வகை கொடுத்தால் இரண்டு வேறு பிழைகள் வரும் என்பதை இங்கே காட்ட வேண்டும். கம்பைல் ஆகும் ஃபங்ஷனுக்குள் முதல் ஆர்க்யூமென்ட்டாக எண் கொடுத்தால் 1013, அதாவது அட்டவணையின் வகைப் பட்டியல் பிடித்தது. ஸ்கிரிப்ட் மட்டத்தில் கொடுத்தால் 1174, அதாவது உங்கள் சி நிரலின் சரிபார்ப்பு பிடித்தது. மூன்றாவது ஆர்க்யூமென்ட்டுக்கு ஸ்ட்ரிங் கொடுத்தால் 1013-உம் 1212-உம். இரண்டையும் ஒரே அழைப்பில் சோதிக்கும் துணை ஃபங்ஷன் அந்தக் கோப்பு முழுக்கப் பயன்பட்டிருக்கிறது. பக்கத்து டெஸ்டைப் பார்த்து எழுதுங்கள். ஒன்று மட்டும் தோற்றால் 6-ஆம் படியா 7-ஆம் படியா என்பது உடனே தெரிந்துவிடும்.

10. உதவிக் கோப்புகள்

இதை விட்டுவிட்டுப் பேட்ச் அனுப்புகிறவர்கள் அதிகம். டெஸ்ட்_ஃபங்ஷன்_லிஸ்ட்ஸ்.விம் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. சி அட்டவணை, பில்ட்டின்.டிஎக்ஸ்டி-யின் பட்டியல், யூஎஸ்ஆர்_41.டிஎக்ஸ்டி-யின் பட்டியல் மூன்றிலும் ஒரே ஃபங்ஷன்கள்தானா, முதல் இரண்டும் ஆஸ்கி வரிசையில் உள்ளனவா என்று அது பார்க்கும். ஆகவே ஆவணம் இல்லாவிட்டால் டெஸ்டே தோற்கும். 7-ஆம் படியில் இடம் தவறியதையும் இதுவே பிடிக்கும்.

பில்ட்டின்.டிஎக்ஸ்டி-யில் இரண்டு இடம். மேலே சுருக்க அட்டவணையில் ஒரு வரி: அழைக்கும் வடிவம், திரும்பும் வகை, சிறு விளக்கம். கீழே அகரவரிசையில் முழு விளக்கம். விருப்ப ஆர்க்யூமென்ட்டைச் சதுர அடைப்பில், தொடக்கக் காற்புள்ளியோடு சேர்த்துக் காட்டுவது வழக்கம். வெற்று முன்னொட்டு, பைட் ஒப்பீடு பற்றிய முடிவுகள் இங்கே வர வேண்டும். மெத்தடாக அழைக்கும் ஓர் எடுத்துக்காட்டும் திரும்பும் வகையும் முடிவில்.

யூஎஸ்ஆர்_41.டிஎக்ஸ்டி-யில் ஸ்ட்ரிங் கையாளுதல் பகுதியில் ஒரு வரி போதும். இது அகரவரிசை அல்ல, பொருள்வாரிப் பட்டியல். தொடர்புள்ளவற்றின் பக்கத்தில் வையுங்கள். பிறகு வெர்ஷன்9.டிஎக்ஸ்டி-யில் புதிய ஃபங்ஷன்களின் பட்டியலில் பெயரைச் சேருங்கள், உதவித் தலைப்புகளின் பட்டியலான டேக்ஸ் கோப்பைப் புதுப்பியுங்கள்.

ரன்டைமில் உள்ள விம்ஸ்கிரிப்ட் நிறக் கோப்பைக் கையால் திருத்த வேண்டாம். அதன் ஒரு பகுதி தானாக உருவாக்கப்படுவது, உங்கள் திருத்தம் அடுத்த முறை அழிந்துபோகும்.

11. நினைவகச் சோதனை

டெஸ்டுகள் எல்லாம் வென்றாலும் எல்லை தாண்டிப் படிப்பது வெளியே தெரியாமல் இருக்கலாம். எஸ்ஆர்சி கோப்பகத்தின் மேக்ஃபைலில் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் சானிடைசர் கொடிகளுக்கான வரி கருத்துரையாக அடைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறந்து, முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் மிஞ்சினால் அவற்றில் இந்தச் சோதனை நடக்காது.

கசிவு பார்க்க எக்ஸிட்ஃப்ரீ என்ற கொடி உள்ள வரியையும் திறங்கள். அது இல்லாமல் விம் வெளியேறும்போது பல நினைவகத் துண்டுகளை வேண்டுமென்றே விடுவிக்காமல் போகும், உங்கள் கசிவு அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். சோதனை முடிந்ததும் மேக்ஃபைலை மீட்டுவிடுங்கள். அந்த மாற்றம் பேட்சோடு போய்ச் சேருவது அடிக்கடி நடக்கிறது.

12. அனுப்பும் முன்

டைனி அளவில் ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள். முழு டெஸ்ட் தொகுப்பையும் ஓட்டி, 3-ஆம் படியில் குறித்து வைத்த தோல்விகளோடு ஒப்பிடுங்கள்.

வெர்ஷன்.சி கோப்பில் பேட்ச் எண்ணைச் சேர்க்க வேண்டாம். அதை இணைப்பவர் செய்வார். நீங்கள் சேர்த்தால் அதே நாளில் வரும் வேறு எந்தப் பேட்சோடும் முரண்படும்.

சி மாற்றம், டெஸ்ட், ஆவணம் மூன்றும் ஒரே புல் ரிக்வெஸ்டில் போகட்டும். வழியில் கண்ணில் பட்ட பழைய நிரலின் இடைவெளிகளைச் சரிசெய்திருந்தால் அதை வெளியே எடுத்துவிடுங்கள், மதிப்பாய்வு செய்பவர் உங்கள் இருபது வரியைத் தேட வேண்டியிருக்கும். விளக்கத்தில் 2-ஆம் படியின் தாளை அப்படியே எழுதலாம்: என்ன சிக்கல், ஸ்கிரிப்ட்டில் எழுதும்போது எங்கே தவறுகிறார்கள், வெற்று முன்னொட்டுக்கு ஏன் 1, 'கி'யில் 'க' கேட்டால் ஏன் 1.